தொடக்கக் கல்வியில் பக்க வடிவமைப்பு மென்பொருள்

பக்க வடிவமைப்பு மென்பொருள் என்பது எழுத்து, படம், அட்டவணை முதலியவற்றை ஒரு பக்கத்தில் வேண்டிய இடத்தில் அமைத்து, அச்சிடத்தக்க கோப்பாக ஆக்கித் தரும் கணினி மென்பொருள் ஆகும். அச்சகங்களிலும் பேச்சு வழக்கிலும் இப்பணி டி.டி.பி. என அழைக்கப்படுகிறது. தொடக்கப் பள்ளிகளில் இம்மென்பொருள் இரு வகையில் பயன்படுகிறது. ஒன்று, ஆசிரியர் தம் வகுப்புக்கு வேண்டிய அட்டைகள், பயிற்சித் தாள்கள், வாசிப்பு நூல்கள் ஆகியவற்றைத் தாமே உருவாக்குவது. மற்றொன்று, மாணவர்கள் தாம் எழுதியதைத் தாமே பக்கமாக்கி வகுப்பு இதழாகவோ சிறு நூலாகவோ வெளியிடுவது. முதல் வகையில் ஆசிரியரின் உழைப்பு குறைகிறது. இரண்டாம் வகையில் மாணவரின் எழுத்துக்கு ஆசிரியரைத் தவிர வேறு வாசகர்களும் கிடைக்கின்றனர். கல்வி நோக்கில் இரண்டாவதே முதன்மையானது. எனினும் அது பயன் தருவது, பக்கத்தைப் பற்றிய முடிவுகளை மாணவரே எடுக்கும்போது மட்டுமே.

வரலாறு

அச்சுக்கூடம் வகுப்பறைக்குள் வருதல்

பள்ளிச் சிறுவர்களின் எழுத்தை அவர்களைக் கொண்டே அச்சிடும் முறை கணினிக்கு முந்தியது. பிரான்சின் தென்பகுதியில் உள்ள பார்-சுர்-லூ என்னும் சிற்றூரில் ஆசிரியராக இருந்த செலஸ்தேன் பிரெனே (1896–1966), 1924 இல் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்ற அவரால் நெடுநேரம் உரத்துப் பேசிப் பாடம் நடத்த இயலவில்லை. மாணவர்கள் தம் வாழ்வில் கண்டதை எழுதினர். வகுப்பு ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, கூடிப் பேசித் திருத்தியது. பின்னர் மாணவர்களே ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்டனர். அச்சிட்ட தாள்கள் வகுப்பின் வாசிப்புப் பாடமாயின. தொலைவிலிருந்த வேறு பள்ளிகளுக்கும் அஞ்சலில் சென்றன. அங்கிருந்து அப்பள்ளி மாணவர்களின் தாள்கள் வந்தன.

போலந்தில் மருத்துவரும் கல்வியாளருமான யானுஷ் கோர்ச்சாக், 1926 இல் சிறுவர்களே எழுதும் வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். வார்சாவில் வெளியான ஒரு நாளிதழின் இணைப்பாக அது 1939 வரை வந்தது. தமிழ்ப் பள்ளிகளிலும் கையெழுத்து இதழ் நடத்தும் வழக்கம் உண்டு. அழகாக எழுதும் மாணவர் ஒருவர் படியெடுக்க, வரையத் தெரிந்தவர் படம் வரைய, ஒரே படி வகுப்பெங்கும் கைமாறும். அதன் குறை, படி ஒன்றே என்பதும், பிழை கண்டால் ஒரு பக்கம் முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும் என்பதுமாகும்.

கணினியின் வரவு

1985 இல் மூன்று தொழில்நுட்பங்கள் ஒன்றுசேர்ந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற துல்லியத்தில் அச்சிட்டது. அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி பக்கத்தை அச்சுப்பொறிக்கு விளக்கியது. ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர், மாக்கின்டாஷ் கணினியின் திரையிலேயே பக்கத்தை அமைக்க வழி செய்தது. அந்த அச்சுப்பொறியின் தொடக்க விலை 6,995 அமெரிக்க டாலர். எனவே அது தொடக்கப் பள்ளிகளுக்கு எட்டாததாக இருந்தது.

எனினும் மலிவான வீட்டுக் கணினிகளுக்கென 1984 இலேயே எளிய நிரல்கள் வெளிவந்திருந்தன. பிராடர்பண்ட் நிறுவனத்தின் 'தி பிரிண்ட் ஷாப்' வாழ்த்து அட்டைகளையும் பதாகைகளையும் புள்ளி அச்சுப்பொறியில் அச்சிட்டது. ஸ்பிரிங்போர்ட் நிறுவனத்தின் 'தி நியூஸ்ரூம்' செய்தித்தாள் உருவாக்குவதற்கானது. அதில் தலைப்பு, படம், செய்தி எழுதுதல், பக்க அமைப்பு, அச்சு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. தொலைபேசி வழியாக மற்றொரு கணினிக்குப் பக்கங்களை அனுப்பும் பிரிவும் இருந்தது. பிரெனே அஞ்சலில் செய்த பரிமாற்றம் இவ்வாறு கணினிக்கு வந்தது.

இதே காலத்தில் எழுத்துப் பயிற்சி பற்றிய பார்வையும் மாறியது. அமெரிக்கக் கல்வியாளர் டொனால்டு கிரேவ்ஸ் 1983 இல் வெளியிட்ட நூலொன்று, சிறுவர்களின் எழுத்தைத் திட்டமிடல், வரைவு, திருத்தம், வெளியீடு எனத் தொடரும் செயலாகக் காணும் முறையைப் பரப்பியது. வெளியீடு என்ற இறுதிப் படியைப் பக்க வடிவமைப்பு மென்பொருள் எளிதாக்கியது. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில், தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்ற பாடத்தின் கீழ் எழுத்தையும் படத்தையும் இணைத்து வெளியீடு செய்யும் பயிற்சி இடம்பெற்றது. 2014 செப்டம்பரில் அப்பாடத்தின் இடத்தில் கணிமை என்ற பாடம் வந்தது.

சொற்செயலியிலிருந்து வேறுபாடு

சொற்செயலியில் எழுத்து மேலிருந்து கீழாகத் தொடர்ந்து ஓடும். நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால், கீழே உள்ள படம் இடம் பெயரும். பக்க வடிவமைப்பு மென்பொருளிலோ பக்கம் முதலில் வருகிறது. எழுத்தும் படமும் அதில் வைக்கப்படும் சட்டங்களுக்குள் அடங்குகின்றன. இதன் முதன்மைக் கூறுகள் பின்வருவன.

சட்டம்: எழுத்தையோ படத்தையோ தாங்கும் பெட்டி. இதை நகர்த்தலாம், பெரிதாக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஒரு சட்டத்தில் அடங்காத எழுத்தை அடுத்த சட்டத்துக்குத் தொடரச் செய்யலாம்.

மூலப் பக்கம்: எல்லாப் பக்கங்களிலும் தோன்ற வேண்டிய பக்க எண், இதழின் பெயர், ஓரக் கோடு ஆகியவற்றை ஒரே முறை அமைக்கும் இடம்.

பாணி: தலைப்பு, உரை, படக் குறிப்பு ஆகியவற்றின் எழுத்துருவையும் அளவையும் ஒரே பெயரின் கீழ்ச் சேமித்து வைப்பது. பாணியை ஒருமுறை மாற்றினால் நூல் முழுவதும் மாறும்.

சிறுவர்களுக்குச் சட்டம் என்னும் கருத்து விரைவில் பிடிபடும். தாளில் படங்களை வெட்டி ஒட்டும் வேலையையே அது திரையில் செய்கிறது.

ஆசிரியரின் பயன்பாடு

தொடக்க வகுப்புகளில் ஒரே வகுப்பறையில் பல நிலை மாணவர்கள் இருப்பர். அச்சிட்ட பாடநூல் அனைவருக்கும் ஒன்றே. ஒரே கதையை மூன்று நிலைகளில் தர விரும்பும் ஆசிரியர், படங்களும் பக்க அமைப்பும் மாறாமல் உரைச் சட்டங்களை மட்டும் மாற்றி மூன்று நூல்களை உருவாக்கலாம். மெதுவாகப் படிக்கும் மாணவரின் கையிலும் அதே அட்டைப்படம் கொண்ட நூலே இருக்கும் என்பதால், அவர் தனித்துத் தெரியமாட்டார்.

அட்டைகளை அடிப்படையாகக் கொண்ட கற்பித்தலுக்கு இம்மென்பொருள் இயல்பாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையில், பாடங்கள் ஏணிப்படிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் தரப்பட்டன. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கு கிராமப் பள்ளிகளில் உருவான முறையே இதற்கு முன்மாதிரி. இத்தகைய வகுப்பில் ஓர் அட்டை தொலைந்தாலோ, உள்ளூர்ச் சொல் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தாலோ, மூலக் கோப்பு கையிலிருந்தால் அந்த ஓர் அட்டையை மட்டும் திருத்தி அச்சிடலாம்.

திரும்பத் திரும்ப வரும் அமைப்புக்குத் தரவு இணைப்பு உதவுகிறது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. இவற்றை ஓர் அட்டவணையில் உள்ளிட்டு, அட்டையின் அமைப்பை ஒருமுறை மட்டும் வரைந்தால், மென்பொருள் 247 அட்டைகளையும் தானே நிரப்பும். ஓர் ஏ4 தாளுக்கு எட்டு அட்டைகள் எனில் 31 தாள்கள் போதும்.

மாணவரின் பயன்பாடு

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் சிறு குழுக்களாக வகுப்பு இதழ் ஒன்றைத் தயாரிக்க முடியும். வேலை பெரும்பாலும் கணினிக்கு வெளியே நடைபெறுகிறது.

1. எழுதுதல்: மாணவர் தாம் கண்டதைத் தாளில் எழுதுகிறார். ஊர்ச் சந்தை, பாட்டியிடம் கேட்ட கதை, மழைமானியில் ஒரு மாதம் அளந்த மழை, பள்ளித் தோட்டம் முதலியன பொருளாகலாம்.

2. மாதிரிப் பக்கம்: ஒரு தாளை மடித்து, எந்தப் பக்கத்தில் எது வரும் என்று பென்சிலால் கட்டம் போடுகின்றனர். கணினியில் அமரும் முன் இதை முடித்துவிட்டால், ஒரே கணினி உள்ள பள்ளியிலும் குழுக்கள் முறைவைத்து வேலை செய்யலாம்.

3. தட்டச்சும் படமும்: உரை தட்டச்சிடப்படுகிறது. கையால் வரைந்த படங்கள் வருடி மூலமோ ஒளிப்படக் கருவி மூலமோ கணினிக்கு ஏற்றப்படுகின்றன. 148 × 210 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ5 பக்கத்தை நிறைக்கும் படம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற துல்லியத்தில் அச்சாக வேண்டுமாயின், 1,748 × 2,480 படவணுக்கள் வேண்டும்.

4. வெட்டலும் சுருக்கலும்: உரை சட்டத்தை விட்டு வழிந்தால் எழுதியவர் தாமே சொற்களைக் குறைக்கிறார். எந்தச் சொல் தேவை, எது மிகை என்று முடிவு செய்யும் இப்படியே மொழிப்பாடத்தில் மிகுந்த பலன் தருவது. எழுத்தின் அளவைச் சிறிதாக்கி உரையைத் திணித்துவிட்டால் இப்பலன் கிட்டாது.

5. மெய்ப்புப் பார்த்தல்: அச்சிட்ட முதற்படியை வேறொரு குழு வாசித்துப் பிழை குறிக்கிறது. ல, ள, ழ மயக்கமும் ந, ன, ண மயக்கமும் சொந்த எழுத்தைக் காட்டிலும் பிறர் எழுத்தில் எளிதில் கண்ணில் படும்.

6. வெளியீடு: படிகள் அச்சிடப்பட்டு அடுத்த வகுப்புக்கும் வீடுகளுக்கும் வேறு பள்ளிக்கும் செல்கின்றன. ஒரு படியை அச்சிட்டு மற்றவற்றை ஒளிநகலெடுக்கலாம்.

ஒரு தாளில் எட்டுப் பக்க நூல்

இளம் வகுப்புகளுக்கு மிக எளிய வெளியீடு, ஒரே ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் அச்சிட்டு மடிக்கும் எட்டுப் பக்க நூலாகும். கிடைமட்டமாக வைத்த தாள் இரண்டு வரிசைகளில் எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 74 × 105 மில்லிமீட்டர் இருக்கும். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3 ஆகிய பக்கங்களும், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4 ஆகிய பக்கங்களும் அமையும். மேல் வரிசைச் சட்டங்களைத் தலைகீழாகச் சுழற்ற வேண்டும். அச்சிட்டபின் எல்லாக் கட்டக் கோடுகளிலும் மடித்து, நடுக் கிடைக்கோட்டில் இடையிலுள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் வெட்ட வேண்டும். பின் தாளை நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நூல் உருவாகும். தைப்போ ஊசியோ தேவையில்லை.

பெரிய நூல்களுக்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்துக் கம்பிப்பின் அடிப்பர். அப்போது பக்கங்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எட்டுப் பக்க நூலில் தாளின் ஒவ்வொரு முகத்திலும் இணையும் பக்கங்கள் 8–1, 2–7, 6–3, 4–5 ஆகும். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 9, அதாவது மொத்தப் பக்கங்களுடன் ஒன்றைக் கூட்டிய எண். பன்னிரண்டு பக்க நூலில் இது 13. இவ்விதியை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்க விடுவது நல்ல கணிதப் பயிற்சியாக அமையும். லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போன்ற சொற்செயலிகளில் உள்ள சிற்றேடு அச்சு வசதி இவ்வரிசையைத் தானே அமைத்துவிடும்.

தமிழில் பயன்படுத்துதல்

எழுத்துருவும் குறியேற்றமும்

தமிழ் வகுப்பறையில் இம்மென்பொருளின் பயனைப் பெரிதும் தீர்மானிப்பது எழுத்துருவின் குறியேற்றம் ஆகும். நெடுங்காலம் தமிழ் அச்சகங்களில் பேஜ்மேக்கருடன் தனிக் குறியேற்றம் கொண்ட எழுத்துருக்களே பயன்பட்டன. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து இவை உருவாக்கப்பட்டன. இலங்கைத் தமிழர் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சிட்டால், கணினி உள்ளே சேமிப்பது ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 1999 இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. ஆயினும் பழைய குறியேற்றங்கள் பல தொடர்ந்து புழங்கின.

1991 இல் வெளியான ஒருங்குறித் தரத்திலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறியில் 'கொ' என்பது ககரம், ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படும். கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் பிரித்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. இவ்வசதி பக்க வடிவமைப்பு மென்பொருள்களுக்குத் தாமதமாகவே வந்தது. 2001 இல் வெளியான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு ஒருங்குறியை ஏற்கவில்லை. அடோபி இன்டிசைனில் இந்திய எழுத்துமுறைகளுக்கான ஆதரவு 2012 இல் வெளியான பதிப்பில் கிடைத்தது. கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸின் முதல் நிலையான பதிப்பு 2003 இல் வெளிவந்தாலும், தமிழ் போன்ற எழுத்துமுறைகளைச் சரியாகக் காட்டும் வசதி 2017 இல் சோதனைப் பதிப்பிலும், 2024 இல் நிலையான பதிப்பிலுமே வந்தது.

பள்ளியைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. பழைய குறியேற்றத்தில் ஓர் ஆசிரியர் பல ஆண்டுகளாகச் சேர்த்த பயிற்சித் தாள்களில் ஒரு சொல்லைத் தேட முடியாது. அகர வரிசைப்படுத்த முடியாது. எழுத்துரு கைவசம் இல்லாத மற்றோர் ஆசிரியரால் திருத்தவும் முடியாது. எனவே புதிய ஆக்கங்களை ஒருங்குறியிலேயே தொடங்குவதும், பழைய கோப்புகளைக் குறியேற்ற மாற்றிகள் மூலம் மாற்றி, அச்சுப்படியுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் தேவையாகின்றன. பி.டி.எஃப். கோப்புடன் திருத்தத்தக்க மூலக் கோப்பையும் சேமித்து வைக்க வேண்டும்.

விசைப்பலகை

தமிழ்நாடு அரசு 1999 இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ககர விசையை அடுத்து இகர விசையை அழுத்தினால் 'கி' கிடைக்கும். உயிர்மெய் எழுத்து உருவாகும் முறையைக் கற்கும் சிறுவருக்கு இது பாடத்தோடு ஒத்துப்போகிறது. ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டச்சிட, தமிழ் எழுதும் முன் ஆங்கில எழுத்துகளை அறிந்திருக்க வேண்டும்.

எழுத்தளவும் வரி அமைப்பும்

கணினிப் பதிப்பில் 72 புள்ளிகள் ஓர் அங்குலம் ஆகும். ஒரே புள்ளி அளவில் இரு தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு பருமனில் தெரியக்கூடும் என்பதால், திரையை நம்பாமல் அச்சிட்டுப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும். தமிழில் 'கீ' போன்ற எழுத்துகள் வரிக்கு மேலும் 'ழு' போன்றவை வரிக்குக் கீழும் நீள்வதால், வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி தேவை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பெரும் வெற்றிடங்கள் விழும். தொடக்க வாசகர்களுக்கு இடப்புறம் மட்டும் சீராக அமைத்து, சொற்களை உடைக்காமல், ஒரு வரியில் ஒரு சொற்றொடர் முடியுமாறு அமைப்பது ஏற்றது. எழுத்தின் வடிவம், மாணவர் எழுதப் பழகும் வடிவத்தை ஒத்திருக்க வேண்டும். அலங்கார எழுத்துருக்கள் அட்டைப் பக்கத்துக்கு மட்டுமே உரியவை.

மென்பொருள் தெரிவு

ஸ்கிரைபஸ் கட்டணமற்றது, லினக்சு, விண்டோசு, மாக் ஆகியவற்றில் இயங்குவது. இதன் இடைமுகம் ஆசிரியருக்கு ஏற்றது. சிறுவர்களுக்குச் சற்றுக் கடினம். லிப்ரே ஆபிஸ் டிரா பெட்டிகளையும் படங்களையும் எளிதாக வைக்க உதவுவதால் மாணவர்களுக்குப் பொருந்தும். 2002 இல் வெளியான டக்ஸ் பெயின்ட், சிறுவர்களுக்கென உருவான வரைகலை மென்பொருள். அதில் வரைந்த படங்களைப் பக்கத்தில் சேர்க்கலாம். மைக்ரோசாப்ட் பப்ளிஷர் 1991 முதல் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்டது. அதற்கான ஆதரவு 2026 அக்டோபருடன் முடிவடையும் என அந்நிறுவனம் அறிவித்தது. அதில் கோப்புகளை வைத்திருக்கும் பள்ளிகள் அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியுள்ளது. 2013 இல் தொடங்கிய கான்வா போன்ற இணையவழிச் சேவைகள் ஆயத்த வார்ப்புருக்களைத் தருகின்றன. இணைய இணைப்பு இன்றி இவற்றைக் கொண்டு வேலை செய்வது கடினம்.

கவனிக்க வேண்டியவை

பக்க வடிவமைப்பு மென்பொருளின் பெரும் இடர், அதன் அழகிலேயே உள்ளது. விழா நாள் நெருங்கும்போது ஆசிரியரே தட்டச்சிட்டு, ஆசிரியரே பக்கம் அமைத்து, மாணவர் பெயரை மட்டும் இட்டு அச்சிடும் இதழ் பிழையின்றி இருக்கும். ஆனால் அதில் மாணவர் கற்றது ஏதுமில்லை. ஆயத்த வார்ப்புருவும் இவ்வாறே; தலைப்பு எங்கே, படம் எவ்வளவு பெரிது என்ற கேள்விகளுக்கு அது முன்பே விடை சொல்லிவிடுகிறது.

திருத்தத்திலும் எல்லை உண்டு. எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு. மாணவரின் வீட்டு வழக்குச் சொல்லை நீக்கிப் பாடநூல் சொல்லை வைப்பது வேறு. அவ்வாறு மாற்றினால், இதழை வீட்டுக்குக் கொண்டு செல்லும் சிறுவர் அதில் தம் குரலைக் காணமாட்டார். பிரெனேயின் வகுப்பில் நடந்ததுபோல் எழுதியவர் முன்னிலையில் கூடித் திருத்துவது இதற்கு மாற்றாகும்.

தட்டச்சு, குழுவில் விரைவாகச் செய்யும் ஒருவரிடமே தங்கிவிடக்கூடும் என்பதால், பொறுப்புகளை ஒவ்வோர் இதழிலும் மாற்ற வேண்டும். கையால் எழுதும் பயிற்சியை இம்மென்பொருள் ஈடுசெய்யாது; முதல் வரைவு தாளில் அமைவது நல்லது. இணையத்தில் கிடைக்கும் படங்களுக்கு உரிமையாளர் உண்டு என்பதையும் மாணவர் இவ்வேலையின் போதே அறிய வேண்டும். தாமே வரைந்த படமும், கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் படமும் தடையின்றிப் பயன்படுத்தத் தக்கவை. பள்ளிக்கு வெளியே செல்லும் இதழில் மாணவரின் ஒளிப்படம், முகவரி, குடும்பச் செய்தி ஆகியவற்றைப் பெற்றோர் ஒப்புதலின்றி வெளியிடலாகாது.